வலி இல்லாத நரகம்

"செத்த பெறகும் வேலைதானாட்டி?"

அத்தை இதைக் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கேட்டுவிட்டு அவள் புளி கரைக்கப் போய்விட்டாள். கேள்வி மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. கல்லூரிக் காலத்திலிருந்து நான் மனதில் வைத்துக் கொண்டாடிவந்த ஒரு நாடகத்தை அந்த மூன்று சொற்கள் அசைத்துவிட்டன. நாடகம் தப்பா, நான் அதைப் படித்த விதம் தப்பா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். எழுதிப் பார்த்தாலாவது கொஞ்சம் பிடிபடுமா என்று பார்க்கிறேன்.

பெர்னார்ட் ஷாவின் 'மேன் அண்ட் சூப்பர்மேன்' நாடகத்தைத்தான் சொல்கிறேன். அதிலும் முழு நாடகம் இல்லை, மூன்றாம் அங்கத்தின் நடுவே வரும் நரகக் காட்சி. எம்.ஏ. ஆங்கிலத்தில் எங்களுக்கு அது பாடம். இரண்டாம் அங்கம் முடிந்ததும் எங்கள் பேராசிரியர், "அடுத்தது வெறும் பேச்சு, பரீட்சைக்கு வராது" என்று சொல்லிவிட்டு நாலாம் அங்கத்துக்குத் தாவிவிட்டார். அன்றைக்கு எனக்குக் கோபமாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் 1905ல் நாடகம் முதன்முதலாக மேடையேறியபோதே மூன்றாம் அங்கத்தை எடுத்துவிட்டுத்தான் போட்டிருக்கிறார்கள். 1907ல் நரகக் காட்சியை மட்டும் தனியாகப் போட்டார்கள். எல்லாம் சேர்ந்து முழுசாக மேடை ஏறியது 1915ல், எடின்பரோவில். இந்தப் 'பேச்சு' தனியாகவே நிற்கும் என்பதற்கு நல்ல சாட்சி அமெரிக்காவில் கிடைத்தது. 1951ல் சார்லஸ் லாட்டன், சார்லஸ் போயர், செட்ரிக் ஹார்ட்விக், ஆக்னஸ் மூர்ஹெட் என்று நாலு பேர், காட்சி ஜோடனை எதுவும் இல்லாமல், இசைக் கலைஞர்கள் போல முன்னால் ஒரு தாங்கியில் பிரதியை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் இதை நடித்தார்கள். அரங்குகள் நிறைந்தன. அது இசைத்தட்டாகவும் வந்தது. அந்த ஒலிப்பதிவை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

விடுதியில் தனியாக உட்கார்ந்து அந்தக் காட்சியைப் படித்த ராத்திரி நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஸ்பெயினில் சியரா நெவாடா மலையில் கொள்ளைக்காரர்களிடம் மாட்டிக்கொண்ட ஜாக் டானர் என்ற இங்கிலாந்துக்காரன் தூங்கிப்போகிறான். மலையும் வானமும் கரைந்துவிடுகின்றன. ஒளி இல்லை, ஓசை இல்லை, இடமும் காலமும் இல்லை. அந்த வெறும் வெளியில், எதன் மேலும் உட்காராமல் உட்கார்ந்திருக்கிறான் டான் ஜுவான், ஸ்பானியப் பழங்கதைகளில் பெண்களை மயக்குகிறவனாக வரும் பிரபு. அங்கே டோனா ஆனா என்ற ஒரு கிழவி வந்து சேர்கிறாள். துறவிகள் உடுத்தும் முரட்டுப் பழுப்பு அங்கி. இப்போதுதான் செத்திருக்கிறாள். இது எந்த இடம் என்று கேட்கிறாள். நரகம் என்கிறான். அவளால் தாங்க முடியவில்லை. தேவாலயத்துக்கு உண்மையாக வாழ்ந்தவள், பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுச் செத்தவள். எவ்வளவு பாவம் சொன்னீர்கள் என்று அவன் விசாரிக்கிறான். செய்ததைவிட அதிகமாகவே சொன்னேன், சொல்வது எனக்குப் பிடிக்கும் என்கிறாள். குறைத்துச் சொல்வது போலவே கூட்டிச் சொல்வதும் தப்புதான் போலிருக்கிறது என்கிறான் அவன். அப்போது அவள் வெடிக்கிறாள்: இன்னும் எவ்வளவோ கெட்டவளாக நான் இருந்திருக்கலாமே, செய்த நல்லதெல்லாம் வீணாகப் போயிற்றே, இது அநியாயம்!

அந்த இடத்தில் நான் சத்தமாகச் சிரித்தேன். பக்கத்து அறைத் தோழி எழுந்து வந்து என்னவென்று கேட்கும் அளவுக்குச் சிரித்தேன். அப்போது எனக்கு 22 வயது. நல்லவர்கள் எல்லோரும் மனதுக்குள் இப்படி ஒரு கடை வைத்திருக்கிறார்கள், முதல் போட்டால் லாபம் வரவேண்டும் என்று காத்திருக்கிறார்கள், ஷா அந்தக் கடையின் ஷட்டரைத் தூக்கிக் காட்டிவிட்டார் என்று நினைத்தேன். அதன் பிறகு எந்த நல்ல காரியத்தைப் பார்த்தாலும், என்னுடையதாக இருந்தாலும், டோனா ஆனாவின் குரல் பின்னால் கேட்கும்.

ஏடும் எழுத்தாணியும்

அந்தச் சிரிப்பு எனக்குள் அவ்வளவு ஆழமாக இறங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. நான் வளர்ந்தது தாமிரபரணிக் கரையில், அத்தை வீட்டில். எங்கள் பக்கத்தில் சித்திரா பௌர்ணமி என்றால் சித்திரபுத்திர நயினார் நோன்பு. எமனுக்குப் பாவபுண்ணியக் கணக்கு எழுதும் சித்திரகுப்தனை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். வாசலில் ஏடும் எழுத்தாணியுமாக அவர் உருவத்தைக் கோலமாகப் போடுவார்கள். சாப்பாட்டில் உப்பு கிடையாது. பசும்பால், தயிர், மோர் கிடையாது, நயினார் பசுவின் வயிற்றில் பிறந்தவர் என்பதால். பிறகு கதை வாசிப்பார்கள். அதில் அமராவதி கதைதான் எனக்குச் சின்ன வயதில் பெரிய பயம். அத்தை சொல்வது இப்படி: அமராவதி செய்யாத தருமம் இல்லை, சோறு போட்டாள், தண்ணீர்ப் பந்தல் வைத்தாள், விரதம் ஒன்றையும் விட்டதில்லை. செத்து மேலே போனாள். நயினார் ஏட்டைப் புரட்டிவிட்டு, எல்லாம் சரி, என் நோன்பை மட்டும் நோற்கவில்லையே என்றார். கணக்கு நேராகவில்லை. அழுது கெஞ்சி, மறுபடி பூமிக்கு வந்து, அந்த நோன்பை நோற்று முடித்துவிட்டுத்தான் போக முடிந்தது.

இத்தனை நல்லது செய்தவளை ஒரு நோன்புக்காகத் திருப்பி அனுப்புகிறார்களே என்று குழந்தையாக இருந்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கும். ஸ்பெயினிலிருந்து போன ஆனாவும் கலங்குவது இதற்குத்தான். இரண்டு பெண்களும் ஒரே வாசலில் நிற்பது போல எனக்குத் தோன்றும். ஒரு வித்தியாசம்தான். அமராவதியின் வாசலில் ஏடு இருக்கிறது, எந்த வரி விடுபட்டது என்று சொல்ல ஆள் இருக்கிறார், திருத்திக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஷாவின் நரகத்தில் சித்திரகுப்தன் இல்லை. யாரும் யாரையும் எங்கேயும் அனுப்பவில்லை. சொர்க்கத்துக்குப் போக வேண்டுமா, தாராளமாகப் போகலாம், காவல் கிடையாது என்கிறது சாத்தான். அது சொல்லும் உதாரணம் அழகானது. இங்கிலாந்தில் குதிரைப் பந்தயத் திடலும் இருக்கிறது, மோட்சார்ட் கச்சேரி நடக்கும் மண்டபமும் இருக்கிறது. பந்தயத்துக்குப் போகிறவன் கச்சேரிக்குப் போகக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. கச்சேரிதான் உயர்ந்தது என்று அவனும் ஒத்துக்கொள்வான். ஆனாலும் போகமாட்டான். உடனே ஆனாவின் அப்பா, சொர்க்கத்தில் சலித்துப்போய் இறங்கி வந்திருக்கும் பழைய படைத்தளபதி, பளிங்குச் சிலை உருவத்திலேயே நின்றபடி இன்னொன்று சேர்க்கிறார். பிடித்ததால் இல்லாமல், பிடித்திருக்க வேண்டும் என்பதால் கச்சேரியில் வரிசையாகச் சோர்ந்து உட்கார்ந்திருப்பார்களே, அதே மாதிரி சொர்க்கத்திலும் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், தங்கள் அந்தஸ்துக்கு அதுதான் சரியான இடம் என்று நினைத்துக்கொண்டு. அதிகமும் இங்கிலாந்துக்காரர்கள்.

இந்த நாடகத்தில் நரகம் என்பது நல்ல வார்த்தைகளின் வீடு. மானம், கடமை, நீதி எல்லாம் இங்கேதான் குடியிருக்கின்றன என்கிறான் ஜுவான். ஏழு கொடும் பாவங்கள் என்று கிறிஸ்தவ மரபில் சொல்வார்கள், அவன் அதை ஏழு கொடும் அறங்கள் என்று மாற்றுகிறான். பூமியில் நடக்கும் அக்கிரமம் எல்லாம் அந்தப் பெயர்களைச் சொல்லித்தானே நடக்கிறது, அவற்றுக்கு நரகத்தைவிட நல்ல இடம் ஏது என்கிறான். ஆனால் சிலையோ, இங்கே நம்பிக்கையும் கிடையாது, அதனால் கடமையும் கிடையாது, பொழுதுபோக்குவதைத் தவிர வேலையே இல்லை என்று நரகத்தைப் புகழ்கிறது. இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று ரொம்ப நாள் குழம்பினேன். பிறகு ஒரு நாள் தெளிந்தது. கடமை என்ற பேச்சு இருக்கும், கடமை இருக்காது. காதல் என்ற பாட்டு இருக்கும், காதலிக்க உடம்பு இருக்காது. அதுதான் அந்த நரகம். உடம்பு இல்லாத இடத்தில் வார்த்தைகள் எவ்வளவு வேண்டுமானாலும் வளரலாம்.

அத்தைக்குச் சொன்ன கதை

அத்தை பட்ட பாட்டைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்யாணமாகி வந்த வீட்டில் ஒன்பது பேர். மாமியார் பக்கவாதத்தில் விழுந்து 11 வருஷம் படுக்கையில் கிடந்தார். குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, புண் வராமல் புரட்டிப் போட்டுப் பார்த்துக்கொண்டது அத்தை. அவள் தெருவில் நடந்து போனால் 'புண்ணியவதி' என்று சொல்வார்கள். அவள் முகம் அப்போது எப்படி இருக்கும் என்று நான் கவனித்ததே இல்லை. 22 வயதில் ஷாவைப் படித்துவிட்டு விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, அத்தையும் ஆனா மாதிரி மனதுக்குள் ஏதோ கூட்டிக்கொண்டிருக்கிறாள் என்று நான் நினைத்தேன். அதை அவளிடம் சொன்னதில்லை. நினைத்தது உண்மை.

போன வருஷம் அவளுக்கு 77 வயது. நரகத்துக்கு வரும்போது ஆனாவுக்கும் அதே வயதுதான். முழங்கால் வலியில் ராத்திரி தூக்கம் வராமல் உட்கார்ந்திருப்பாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது கதை சொல்வேன். அப்படி ஒரு ராத்திரி இந்தக் காட்சியைச் சொன்னேன். என் தமிழில், பெயர்களை மட்டும் மாற்றாமல். ஆனா கத்தும் இடத்துக்கு வந்ததும் அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அத்தை சிரிக்கவில்லை.

"அவ கேக்கது நாயந்தானட்டி" என்றாள்.

சரி என்று மேலே சொன்னேன். எனக்கு வலி ஒன்றும் தெரியவில்லையே, நான் எப்படி நரகத்தில் இருக்க முடியும் என்று ஆனா கேட்கிறாள். ஜுவான் சொல்கிறான்: நரகம் கெட்டவர்களுக்காகவே கட்டிய இடம், அவர்களுக்கு இங்கே சௌகரியமாகத்தான் இருக்கும், வலிக்கவில்லை என்றால் நீங்களும் அந்த ஆட்களில் ஒருவர்தான். அத்தை முழங்காலைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள்.

"வலியே இல்லங்கான். அதப் போயி நரகம்ங்கானா?"

அப்படித்தான் என்றேன். அங்கே பசி கிடையாது, வயசு கிடையாது, உடம்பே கிடையாது என்றேன். அப்போ யாருக்கும் சோறு பொங்க வேண்டாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவள் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஜுவான் அந்த இடத்தை வெறுக்கிறான், சலித்துப்போய் சொர்க்கத்துக்குக் கிளம்புகிறான் என்றேன். "அங்க என்ன இருக்காம்?" என்றாள். அவன் சொல்வதை அப்படியே சொன்னேன். சொர்க்கத்தில் விளையாட்டும் பாசாங்கும் கிடையாது. உள்ளதை உள்ளபடி பார்க்க வேண்டும். வேலை செய்ய வேண்டும்.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. விடியும் நேரமாகிவிட்டது, அன்றைக்குப் புளிக்குழம்பு வைக்க வேண்டும், அவள் எழுந்து போய்விட்டாள்.

எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. அத்தனை வருஷமாக நான் ஜுவானோடு சேர்ந்து சொர்க்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். அலையில் அடித்துப்போகும் கட்டையாக இருப்பது நரகம், சுக்கானைப் பிடித்துக் கப்பலைச் செலுத்துவது சொர்க்கம் என்று அவன் சொல்லும் இடம் எனக்கு மந்திரம் மாதிரி. ஆனால் யாருடைய வேலை அவன் கண்ணில் வேலையாகத் தெரிகிறது? ஜுவான் பிரபு வீட்டுப் பிள்ளை. சமையலறைக்குள் நுழைந்திருக்க மாட்டான். சௌகரியம் அவனுக்குச் சலிப்பதற்குக் காரணம், அவன் வாழ்நாள் முழுக்க அதில்தான் இருந்தான். 60 வருஷம் அடுப்படியில் நின்ற ஒருத்திக்கு, உடம்பு இல்லாத, யாருக்கும் பசிக்காத ஓர் இடம் தண்டனையா? அதைக் கேட்கும்போதே அவளுக்குக் கால்வலி ஒரு நிமிஷம் விட்டுப்போகிறது. அந்த நிமிஷத்தைக் கேவலமானது என்று சொல்ல ஜுவானுக்கு என்ன உரிமை இருக்கிறது? எனக்கு என்ன உரிமை இருந்தது?

இன்னொன்றும் வலித்தது. சுக்கான் கணக்கில் பார்த்தால் அத்தையின் 11 வருஷம் எதில் சேரும்? அவள் தேர்ந்தெடுத்தது இல்லை அது. வீடு தள்ளிவிட்ட பக்கம் அவள் போனாள். அப்படியானால் அந்த உழைப்பு முழுவதும் அலையில் மிதந்த கட்டையா? ஷா இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போய்விடுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கடமையைப் பெயர்ப்பலகையாக மாட்டிக்கொண்டவர்களை அவர் கிழிக்கும்போது கை தட்டலாம். கடமை தலையில் விழுந்து, அதை வாய் திறக்காமல் தூக்கியவர்கள் அந்த மேடையில் இல்லை. இருந்திருந்தால் அவர்கள்தான் ஆனா. அவளுக்கு ஷா குறைவாகத்தான் பேசக் கொடுத்தார். ஜுவான், சாத்தான் இருவரும் பக்கம் பக்கமாகப் பேசுவார்கள். அவள் நடுவில் வெட்டி ஒரு வரி சொல்வாள். அந்த ஒலிப்பதிவை மறுபடி கேட்டேன். இந்தத் தடவை மூர்ஹெட்டின் குரலை மட்டும் பின்தொடர்ந்தேன். அவள் பேசாத நேரம்தான் எவ்வளவு!

எந்த வயசு வேண்டும்

நரகத்தில் எந்த வயதில் வேண்டுமானாலும் இருந்துகொள்ளலாம். ஜுவான் கேட்கிறான், ஆனா 27 என்கிறாள், அடுத்த நொடி கிழவி மறைந்து அழகான இளம்பெண் நிற்கிறாள். மேடையில் பார்க்க அற்புதமான இடம். ஒரு மாதம் கழித்து, காய் நறுக்கிக்கொண்டிருந்த அத்தையிடம் சும்மா கேட்டேன், உங்களுக்கு எந்த வயசு வேண்டும் அத்தை என்று. கல்யாணத்துக்கு முந்தின வயதைச் சொல்வாள், 15, 16 என்பாள் என்று நினைத்தேன்.

"நாப்பத்தஞ்சு."

ஏன் என்று கேட்டேன். கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டபடியே சொன்னாள். அந்த வருஷம்தான் தெருவில் அறிவொளி வகுப்பு வந்தது. 90களின் தொடக்கத்தில் மாவட்டம் மாவட்டமாக அந்த இயக்கம் நடந்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். மாமியாருக்கு ராத்திரிச் சாப்பாடு கொடுத்துத் தூங்கவைத்துவிட்டு, தெருவிளக்குக்குக் கீழே போய் உட்கார்ந்து எழுதப் படிக்கக் கற்றிருக்கிறாள். வீட்டில் யாரும் போகச் சொல்லவில்லை. போகாதே என்றுகூடச் சொல்லியிருக்கிறார்கள். எதற்காகப் போனீர்கள் என்றேன். அதுவரை சித்திரபுத்திர நயினார் கதையை யாரோ வாசிக்க அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். வாசிக்கிறவர் அமராவதி பேசுகிற இடத்தை அவசரமாக ஓட்டிவிடுவாராம். "அவ என்னதான் சொன்னான்னு நானே பாக்கணும்னு இருந்துட்டு."

எனக்கு அவள் வாசிப்பது தெரியும். விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, ராகமாக வாசிப்பாள். எப்போது கற்றாள் என்று நான் கேட்டதே இல்லை. அது ஊர் வைத்திருந்த புண்ணியக் கணக்கிலும் இல்லை, விடுமுறைக்கு வந்த நான் அவள் மேல் ஏற்றிய கணக்கிலும் இல்லை. தெருவிளக்குக்குக் கீழே அந்த ஒரு மணி நேரம் சுக்கான் அவள் கையில் இருந்திருக்கிறது. அவளுக்கு வேண்டிய வயது அதுதான். ஆனாவுக்கு 27ஐக் கொடுத்த ஷா, அவள் ஏன் அந்த வயதைக் கேட்டாள் என்பதை யாரையும் விசாரிக்க விடவில்லை. அழகு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வேறு ஏதாவது இருந்திருக்குமோ?

நாடகத்தின் முடிவைப் பற்றி எனக்கு முன்பு ஒரு கோபம் இருந்தது, இப்போது அது ஆடுகிறது. ஜுவான் சொர்க்கத்துக்குக் கிளம்பும்போது ஆனாவும் கூட வருகிறேன் என்கிறாள். எனக்கு என் வழியைத்தான் கண்டுபிடிக்க முடியும், உன் வழியை என்னால் கண்டுபிடிக்க முடியாது என்று சொல்லி அவன் மறைந்துவிடுகிறான். சிலை சாத்தானோடு நரகத்திலேயே தங்கத் தீர்மானிக்கிறது. அவர்கள் பேச்சில் வரும் அதிமனிதன், நாடகத் தலைப்பில் உள்ள அந்த 'சூப்பர்மேன்', எங்கே இருக்கிறான் என்று ஆனா கேட்கிறாள். இன்னும் படைக்கப்படவில்லை என்கிறது சாத்தான். அப்படியென்றால் என் வேலை இன்னும் முடியவில்லை என்று சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, அதிமனிதனுக்கு ஒரு தகப்பன் வேண்டும் என்று வெளியை நோக்கிக் கத்திவிட்டு அவளும் மறைகிறாள். கடைசியில் பெண்ணுக்குப் பெற்றுப்போடும் வேலையைத்தானே கொடுத்தார் என்று மாணவியாக எனக்கு எரிச்சல். அந்த எரிச்சல் இப்போதும் பாதி இருக்கிறது. மறுபாதி, 'என் வேலை' என்று அவள் சொல்வதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்த வேலையை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. கணக்கு வீணாயிற்று என்று அழுதபடி வந்தவள், போகும்போது எந்தக் கணக்கும் கேட்கவில்லை.

இந்த வருஷம் சித்திரா பௌர்ணமிக்கு ஊரில் இருந்தேன். அத்தை கோலத்தில் நயினாரின் எழுத்தாணியைக் கொஞ்சம் நீளமாகவே போட்டிருந்தாள். ராத்திரி கதை வாசித்தாள். அமராவதி மேலே நின்று பேசும் இடத்தில் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை வாசித்தாள். முடித்துப் புத்தகத்தை மூடி, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே என்னைக் கேட்டாள்.

"அந்த ஆனா, அவ போய்ச் சேந்தாளாட்டி?"

நாடகத்தில் அது இல்லை என்றேன். கத்திவிட்டு அவள் மறைந்துபோவாள், அப்புறம் மலையில் பொழுது விடியும், கொள்ளைக்காரர்கள் எழுந்திருப்பார்கள், அவ்வளவுதான் என்றேன்.

"மேல வேலை இருக்குன்னு தெரிஞ்சேதான் கெளம்புனாளா?"

"தெரிஞ்சேதான் அத்தை."

அத்தை கொஞ்ச நேரம் கோலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எனக்குக் காப்பி போட எழுந்தாள், எருமைப்பாலில். நான் போடுகிறேன் என்று சொன்னேன். சரி போடு என்று மறுபடி உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, அமராவதி பேசும் பக்கத்தைத் திரும்பத் திறந்தாள்.